பழைய தொலைக்காட்சிப் பெட்டி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

தொலைக்காட்சிப் பெட்டியை ஆடம்பரப் பொருளென்று எண்ணிய காலம் கிராமங்களில் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வானிலை அறிவிப்பு, வேளாண்மைச் செய்தி, அரசின் திட்டங்கள், பிள்ளைகளின் பாடம், பொழுதுபோக்கு ஆகிய யாவும் அதன் வாயிலாகக் குடியானவரின் வீட்டுத் திண்ணை வரை வந்து சேருகின்றன. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டெல்லியில் சோதனை முறையில் தொடங்கிய ஒளிபரப்பு, 1975-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தது. 1982-ஆம் ஆண்டில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, 2011-ஆம் ஆண்டு வரையில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டிகளை வழங்கிற்று. அதன் பின்னர், தட்டையான எல்.ஈ.டி. பெட்டிகள் விலை இறங்கி, சிற்றூர்களிலும் பரவின.

வாங்கிய பொருள் என்றேனும் பழையதாகும். இலவசத் திட்டத்தின் பெட்டிகளில் கடைசியாக வழங்கப்பட்டவை கூட 2011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பின் வாங்கிய தட்டைப் பெட்டிகளிலும் பல, ஏழெட்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டன. ஆகவே, ‘பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?’ என்னும் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. எழுந்ததும் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. “இன்னும் எத்தனை நாளைக்கு இதையே கட்டிக்கொண்டு அழுவது?” என்கிறது ஒரு கட்சி. “முந்நூறு ரூபாயில் முடிகிற வேலைக்குப் பன்னிரண்டாயிரம் செலவழிப்பார்களா?” என்கிறது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் பெட்டிக்கு என்ன பழுது என்பதை அறியாமலே வாதிடுகிறார்கள்.

இதில் வரும் நட்டம் சிறிதன்று. சாகும் நிலையிலுள்ள பெட்டிக்கு மூன்று முறை பணம் கொட்டி, நான்காம் முறை புதிது வாங்குவோர் உண்டு. சிறு பழுதுக்காக நல்ல பெட்டியைக் கழித்துவிட்டு, விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணத்தைத் தவணைக்குக் கட்டுவோரும் உண்டு. இவ்விரு நட்டங்களையும் தவிர்க்கும் வழி ஒன்றே. பெட்டியின் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. எந்தப் பாகம் பழுதுற்றது என்பதை முதலில் அறிந்து, அதன்பின் ஆண்டுக் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அவ்வழியைக் கீழே விளக்குவோம்.

பழுது பெட்டியில்தானா?

படம் வரவில்லையென்றால் உடனே பெட்டியைக் குறை கூறுவது வழக்கம். ஆயினும், பெட்டியைச் சுற்றியுள்ள சாதனங்களே பல சமயம் காரணமாகின்றன. மெக்கானிக்கை அழைக்குமுன் நான்கு சோதனைகளை வீட்டாரே செய்துகொள்ளலாம்.

முதலாவது, மின்சாரம். அதே பிளக்கில் வேறொரு விளக்கையோ விசிறியையோ மாட்டிப் பாருங்கள். சுவிட்சுப் பெட்டியில் கம்பி தளர்ந்திருப்பது பழைய வீடுகளில் சாதாரணம்.

இரண்டாவது, ரிமோட். கைப்பேசியின் காமிராவை ரிமோட்டின் முனைக்கு எதிரே பிடித்து, ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலான கைப்பேசித் திரைகளில் மினுக்கிக் காட்டும். மினுக்கவில்லையெனில், பாட்டரியையோ ரிமோட்டையோ மாற்றினால் போதும்.

மூன்றாவது, செட் டாப் பாக்ஸ். அதைக் கழற்றி அண்டை வீட்டுப் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அங்கும் படம் வராவிடில், பழுது செட் டாப் பாக்ஸிலோ கேபிள் இணைப்பிலோ இருக்கிறது. அதைச் சரி செய்ய வேண்டியவர் கேபிள்காரர்.

நான்காவது, இணைப்புக் கம்பி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளையுடைய கம்பியும், எச்.டி.எம்.ஐ. கம்பியும் துருவாலும் தூசியாலும் கெடுகின்றன. தட்டைப் பெட்டிகளில் ஒரு துளை கெட்டிருப்பினும் அடுத்த துளை வேலை செய்யக்கூடும். மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். மின்னல் தாக்கிய பிறகு எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் கெட்டு, மற்ற யாவும் நன்றாக இருப்பதும் உண்டு.

எந்தப் பாகம் கெட்டது?

மேற்கண்ட சோதனைகளில் குறை தென்படவில்லையெனில், பழுது பெட்டிக்குள் இருக்கிறது. இங்கே பெட்டியின் வகையைப் பிரித்தறிய வேண்டும். பின்புறம் பருத்து நீண்ட பழைய பெட்டிகள் படக்குழாயால் இயங்குபவை. இதனையே மெக்கானிக்குகள் பிக்சர் டியூப் என்பர். தட்டைப் பெட்டிகளில் குழாய்க்குப் பதில் பேனல் என்னும் கண்ணாடித் திரையும், அதன் பின்னே ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்குப் பட்டைகளும் இருக்கின்றன. இரு வகைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. படக்குழாயோ பேனலோதான் பெட்டியின் உயிர்நிலை; விலையில் பெரும்பங்கு அதற்கே. அது நன்றாயிருந்தால் மற்ற பாகங்களைச் சரி செய்வது பெரும்பாலும் பயனுள்ளது. அது கெட்டால் பழுது பார்ப்பது பெரும்பாலும் வீண்.

முதலில் படக்குழாய்ப் பெட்டியைக் காண்போம். திரை முழுதும் இருண்டு, நடுவில் ஒரே ஒரு வெண்கோடு குறுக்காக நின்றால், படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் பகுதி கெட்டிருக்கிறது. இதைக் குறைந்த செலவில் சரி செய்யலாம். திரையின் மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகப் படிந்தால், அருகில் காந்தமுள்ள ஒலிபெருக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், திரையின் காந்தத்தை நீக்கும் சிறு பாகம் பழுதாயிருக்கலாம். அதுவும் சிறு செலவே. பெட்டி முற்றும் உயிரற்றுக் கிடந்தால், மின்சாரம் பெறும் பகுதியைச் சோதிக்க வேண்டும். ஆனால், பெட்டியை இயக்கிய பின் படம் பல நிமிடம் கழித்தே மங்கலாகத் தோன்றுவதும், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினும் தெளிவு வாராமையும் குழாய் தேய்ந்துவிட்டதன் அடையாளங்கள். புதிய படக்குழாய்கள் சந்தைக்கு வருவது நின்றுவிட்டது. பிற பெட்டியிலிருந்து கழற்றிய பழைய குழாயை மாட்டுவோர் உளர். அதற்குப் பணம் செலவிடுவது நன்றன்று. குழாய் தேய்ந்த பெட்டியை மரியாதையுடன் விடை கொடுத்து அனுப்புவதே தக்கது.

அடுத்து, தட்டைப் பெட்டி. இதில் அடிக்கடி நேரும் பழுது, ஒலி வந்து படம் வாராமல் திரை இருண்டு போவது. இரவில் அறை விளக்கை அணைத்து, பெட்டியை இயக்கி, ஒரு டார்ச்சு விளக்கைத் திரையின் மீது சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உற்று நோக்கினால், மங்கிய நிழல்போல் படம் ஓடுவது தெரியுமாயின், பேனல் நன்றாயிருக்கிறது. பின்னாலுள்ள விளக்குப் பட்டையே அணைந்திருக்கிறது. பட்டையிலுள்ள சிறு விளக்குகள் சரம்போல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. கோவில் திருவிழாவின் சீரியல் விளக்கில் ஒன்று போனால் சரமே அணைவது போல், இங்கும் ஒன்று கெட்டால் திரை முழுவதும் இருளடையக்கூடும். பட்டைகளை மாற்றிவிட்டால் பெட்டி மீண்டும் பல காலம் உழைக்கும். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால், அதே வயதுள்ள மற்றவை விரைவில் ஒவ்வொன்றாக அணையும். ஆகையால், எல்லாப் பட்டைகளையும் ஒருங்கே மாற்றச் சொல்வது சிக்கனம்.

பெட்டி இயங்காமல் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தால், மின்சாரம் பகிரும் பவர் சப்ளை போர்டையோ முதன்மைப் போர்டையோ ஐயுறலாம். போர்டிலுள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். அவற்றை மாற்றும் செலவு சிறிது. போர்டையே மாற்ற வேண்டியிருந்தால் செலவு கூடும். எனினும், பெட்டி ஐந்தாறு ஆண்டுக்கு உட்பட்டதாயின் பெரும்பாலும் ஏற்கத்தக்கதே.

திரையில் நெடுக்குக் கோடுகள் நிலையாக நிற்றல், பாதித் திரை இருளுதல், கீறல் அல்லது விரிசல் காணுதல் ஆகியவை பெரும்பாலும் பேனலின் பழுது. கோடுகள் சில நாள் வந்து சில நாள் மறைவதும் உண்டு. அந்நிலையில், திரையின் ஓரத்தை அழுத்தியும் சூடேற்றியும் சிலர் சரி செய்து தருவர். அது நீடிப்பது அரிது. பேனலை மாற்ற ஆகும் செலவு, சிறு பெட்டிகளில் புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். இங்கே பழுது பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

இணைய வசதியுள்ள ஸ்மார்ட் பெட்டிகளில் மற்றொரு வகைப் ‘பழுது’ தோன்றுகிறது. படமும் ஒலியும் குறையின்றி இருக்கும். சில செயலிகள் மட்டும் இயங்க மறுக்கும். கம்பெனியார் அம்மாதிரிக்கு மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்தியிருப்பர். இதற்காகப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறு சாதனம் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கி மாட்டினால், பழைய பெட்டி புதிய பெட்டியின் வேலையைச் செய்யும்.

ஆண்டுக் கணக்கு

பாகத்தை அறிந்த பின் செலவைக் கணக்கிட வேண்டும். ‘பழுதுச் செலவு புதிய பெட்டியின் விலையில் பாதிக்கு மேற்பட்டால் புதிது வாங்கு’ என்று பொதுவாகக் கூறுவர். இது நல்ல விதியே, ஆயினும் முழுமையன்று. செலவழித்த பின் பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். உழவு மாட்டை விலை பேசுகையில், அதன் பல்லைப் பார்த்து இன்னும் எத்தனை பட்டம் உழும் என்று கணிப்பதில்லையா? அதே முறைதான். ஆகும் செலவை, எதிர்பார்க்கும் ஆண்டுகளால் வகுத்தால், ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு கிடைக்கும்.

விலைகள் ஊருக்கு ஊர் மாறுமாதலால், பின்வரும் தொகைகளை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்க. 32 அங்குலப் புதிய பெட்டியின் விலை 12,000 ரூபாய் என்றும், அது 8 ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆகும் செலவு 1,500 ரூபாய்.

முதற்குடும்பத்தின் பெட்டிக்கு வயது 5. விளக்குப் பட்டை அணைந்துவிட்டது. மாற்ற 1,800 ரூபாய் கேட்கிறார் மெக்கானிக். குறைந்தது 2 ஆண்டு உழைக்குமெனக் கொண்டாலும், ஆண்டுக்கு 900 ரூபாயே ஆகிறது. பழுது பார்ப்பதே இலாபம்.

இரண்டாம் குடும்பத்தின் பெட்டிக்கு வயது 9. திரையில் கோடுகள். வேறு பேனல் மாட்ட 7,000 ரூபாய். பேனல் புதிதாயினும் மற்ற போர்டுகள் ஒன்பது ஆண்டு பழையவை. 3 ஆண்டு உழைக்குமெனக் கொண்டால், ஆண்டுக்கு 2,333 ரூபாய். புதிது வாங்குவதே இலாபம்.

மூன்றாம் குடும்பத்தினிடம் 14 அங்குல இலவசப் பெட்டி. நடுவில் வெண்கோடு மட்டும் தெரிகிறது. குழாய் நன்றாயிருக்கிறது என்று மெக்கானிக் உறுதி கூறுகிறார். செலவு 500 ரூபாய். ஓராண்டு உழைத்தாலும், ஆண்டுக்கு 500 ரூபாயே. சிறு திரையே போதுமென்று குடும்பத்தார் கருதுவாராயின், பழுது பார்க்கத் தடையில்லை.

இக்கணக்குக்கு ஓர் எல்லையையும் வகுத்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் இருமுறை வெவ்வேறு பாகங்கள் கெட்டால், பெட்டி முழுவதும் தளர்ந்துவிட்டதென்று கொண்டு, மூன்றாம் முறைக்குரிய பணத்தைப் புதிய பெட்டிக்கென்று ஒதுக்குவது நலம்.

மின்சாரம் மிச்சமாகுமா?

‘புதிய பெட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தும், அதிலேயே விலை வந்துவிடும்’ என்று விற்போர் கூறுவதுண்டு. இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 21 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி ஏறத்தாழ 90 வாட் மின்சாரம் கொள்ளும். 32 அங்குல எல்.ஈ.டி. பெட்டி ஏறத்தாழ 45 வாட். நாளொன்றுக்கு 5 மணி நேரம் இயக்கினால், இரண்டு மாதத்தில் முன்னது 27 யூனிட்டும், பின்னது பதின்மூன்றரை யூனிட்டும் செலவிடும். வேறுபாடு பதின்மூன்றரை யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 400 ரூபாயே மிச்சம். 12,000 ரூபாயை இவ்வழியில் மீட்க முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும்!

அன்றியும், தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. அந்த எல்லைக்குள் அடங்கும் சிறு குடும்பத்துக்குப் பெட்டியை மாற்றுவதால் கட்டணத்தில் ஒரு காசும் மிச்சமில்லை. புதிது வாங்கத் தீர்மானித்த பின், விண்மீன் குறி அதிகமுள்ள பெட்டியைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. ஆனால், மின்சாரத்தை மட்டுமே காரணமாகக் காட்டி, ஓடும் பெட்டியைக் கழிப்பது அறிவுடைமையாகாது.

தவணையும் கடனும்

புதிது வாங்குவோரில் பலர் தவணையில் வாங்குகின்றனர். ‘மாதம் 1,150 ரூபாய், பன்னிரண்டு மாதம்’ என்றால் எளிதாகத் தோன்றும். மொத்தம் கட்டுவது 13,800 ரூபாய். 12,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,800 ரூபாய் வட்டி. ‘நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்று நினைப்பதும் தவறு. மாதந்தோறும் அசலில் ஒரு பகுதி திரும்பிச் செல்வதால், பன்னிரண்டாயிரம் முழுவதும் ஓராண்டு முழுமைக்கும் நம்மிடம் இருப்பதில்லை. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி 26 சதவீதத்துக்கு மேற்படுகிறது. வட்டியில்லாத் தவணை என்று கூறப்படுவனவற்றிலும், பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, ரொக்கத்துக்கு வாங்கினால் தள்ளுபடி உண்டா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

மகளிர் குழுவில் கறவை மாட்டுக்கென்றும், தையல் இயந்திரத்துக்கென்றும் பெறும் கடனைத் தொலைக்காட்சிப் பெட்டியில் முடக்குவது குடும்பத்துக்கு இரட்டை நட்டம். மாடு பால் தந்து கடனைத் தீர்க்கும்; பெட்டி கடனைத் தீர்க்காது. விவசாயிக்குக் கையில் பணம் புழங்குவது அறுவடைக்குப் பின்னரே. ஆகவே, ஆடியில் பழுதுற்ற பெட்டியைச் சிறு செலவில் ஓடச் செய்து, தை மாதத்தில் நெல் விற்ற பணத்தில் ரொக்கமாகப் புதிது வாங்குவது, தவணையில் அன்றே வாங்குவதினும் மேலான வழி. சிறு பழுது பார்ப்பதன் பயன்களுள் இவ்வாறு காலம் வாங்கித் தருவதும் ஒன்று.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

நல்ல மெக்கானிக் ஊருக்கு ஒரு சொத்து. அவருக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைப்பதைவிட, வேலையைத் தெளிவாகப் பேசிக்கொள்வதே இருவர்க்கும் நன்மை. பெட்டியை ஒப்படைக்குமுன் ஆறு செய்திகளைக் கேட்டறிக: கெட்ட பாகம் எது, அதன் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு, போடுவது புதிய பாகமா, கழற்றிய பழைய பாகமா, எத்தனை மாதத்துக்குப் பொறுப்பேற்பார், திறக்கும்போது பேனல் உடைந்தால் நட்டம் யாருடையது? தட்டைப் பெட்டியின் பேனல் மிக மெல்லிய கண்ணாடியாதலின், இந்த ஆறாம் கேள்வி முக்கியம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தொகைக்கு ஒரு துண்டுச் சீட்டேனும் பெற்றுக்கொள்ளுங்கள்.

பெட்டி உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், வெளியாரைக் கொண்டு திறக்கலாகாது. திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். முதலில் கம்பெனியின் சேவை நிலையத்தில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறை தீராவிடில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடவும் வழியுண்டு. இதற்கெல்லாம் வாங்கிய ரசீது வேண்டும். நிலப் பத்திரத்தோடு அதையும் ஒரு உறையில் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

புதிது வாங்குவோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி பெட்டியில் இருக்கிறதா, அக்கம்பெனிக்கு அருகிலுள்ள நகரத்தில் சேவை நிலையம் இருக்கிறதா, வீட்டிலுள்ள செட் டாப் பாக்ஸின் கம்பி புதிய பெட்டியில் பொருந்துமா என்னும் மூன்றையும் கடையிலேயே உறுதி செய்துகொள்க.

ஊராட்சிப் பெட்டிகள்

நம் நாட்டில் கிராமத் தொலைக்காட்சியின் வரலாறு பொதுப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறது. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் ‘கிருஷி தர்ஷன்’ என்னும் வேளாண்மை நிகழ்ச்சி தொடங்கியபோது, டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் மக்கள் ஒரு பெட்டியின் முன் கூடியிருந்து கண்டனர். 1975–76-ஆம் ஆண்டில் செயற்கைக் கோளின் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அங்கும் கிராமத்துக்கொரு பொதுப் பெட்டியே. பொதுப் பெட்டி நின்றுபோனால், ஓர் ஊரே நிகழ்ச்சியை இழக்கும்.

இன்று பள்ளி, அங்கன்வாடி, நூலகம் ஆகிய இடங்களில் பொதுப் பெட்டிகள் இருக்கின்றன. வீட்டுப் பெட்டி கெட்டால் அன்று மாலையே யாரேனும் கவலைப்படுவர். பொதுப் பெட்டி கெட்டால், துணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டு, புதிது கேட்டு மனு எழுதுகிறோம். விளக்குப் பட்டைக்காக ஒரு பெட்டி இரண்டாண்டு தூங்குவது பொதுப் பணத்துக்கு நேரும் நட்டம். பாடத்தை இழக்கும் குழந்தைகளுக்கோ அதனினும் பெரிய நட்டம்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதற்குச் சில ஒழுங்குகளை வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பொதுப் பெட்டிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள், நேர்ந்த பழுது, ஆன செலவு ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் குறித்து வர வேண்டும். பழுதுற்றால், எந்தப் பாகம் என்பதை எழுத்தில் காட்டும் விலைப்புள்ளிகளைப் பெற்று, மேலே கூறிய ஆண்டுக் கணக்கைப் போட்டு, அதனைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். கணக்குப் போட்டு எடுத்த முடிவுக்குத் தணிக்கையிலும் விடை சொல்ல முடியும். ஊராரிடமும் விடை சொல்ல முடியும்.

கழித்த பெட்டியை என் செய்வது?

புதிது வந்த பின் பழைய பெட்டி எங்கே போகிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பேரீச்சம்பழத்துக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். செப்புக் கம்பிக்காக உட்பாகங்களை எரித்து, குழாயை உடைத்துக் குளக்கரையில் கொட்டிவிடுகிறார்கள். இது கொடிய தீங்கு.

படக்குழாயின் பின்புறக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈயச் சத்து உண்டு. உடைத்த கண்ணாடியிலிருந்து ஈயம் மண்ணிலும் நீரிலும் சேரலாம். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கம்பியின் மேலுறையை எரிக்கையில் எழும் புகையும் நஞ்சே. விளக்குப் பட்டைக்கு முந்திய காலத்துத் தட்டைப் பெட்டிகளிலுள்ள சிறு குழல் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. இன்னொரு பேராபத்தும் உண்டு. வண்ணப் பெட்டியின் படக்குழாய் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் இயங்குவது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். குழாயினுள் காற்றில்லாமையால், அடிபட்டால் வெடித்துக் கண்ணாடி சிதறும். ஆதலின், பிள்ளைகள் பழைய பெட்டியைத் திறந்து விளையாட ஒருபோதும் விடலாகாது.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இக்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று கூறுகின்றன. குப்பையில் கலந்துவரும் மின்னணுக் கழிவைப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு, உள்ளாட்சி அமைப்புகளையும் சார்ந்தது. புதிது வாங்கும் கடையில் பழைய பெட்டியை மாற்றாக ஏற்கிறார்களா என்று கேளுங்கள், அவ்வழி எளிது. ஊராட்சியார் ஆறு மாதத்துக்கொரு முறை ஒரு நாளைக் குறித்து, தண்டோராவோ அறிவிப்போ செய்து, தூய்மைக் காவலர்களின் உதவியுடன் பழைய பெட்டிகளை உடையாமல் ஓரிடத்தில் திரட்டி, ஒன்றிய அலுவலகத்தின் வாயிலாக உரியவரிடம் அனுப்பலாம்.

ஆயுளை நீட்டும் வழிகள்

பழுதைப் பார்ப்பதினும் பழுதைத் தவிர்ப்பது மலிவு. கோடை இடியின்போதும், ஐப்பசி, கார்த்திகை மழையின்போதும், மின் பிளக்கையும் கேபிள் கம்பியையும் இரண்டையுமே கழற்றி வையுங்கள். கேபிள் வழியாகவும் மின்னல் பாயும். ஸ்டெபிலைசர் மின்னலைத் தடுக்காது. வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீசியனைக் கொண்டு சோதித்து, சீராக வைத்திருங்கள். அடுப்புப் புகையும் ஈரமும் படும் சுவரில் பெட்டியை மாட்டாதீர்கள். காற்றுத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள். திரையை ஈரத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணி போதும். தட்டைப் பெட்டியின் பின்விளக்கு வெளிச்சத்தை முழு அளவில் வைக்காமல் சற்றுக் குறைத்தால், விளக்குப் பட்டையின் ஆயுள் நீளும்.

சுருங்கக் கூறின், பெட்டி நின்றதும் பதற்றம் வேண்டாம். வெளிக்குறையை முதலில் சோதியுங்கள். கெட்ட பாகத்தைக் கேட்டறியுங்கள். குழாயும் பேனலும் நலமாயின் பழுது பார்க்க முற்படுங்கள். அவை கெட்டிருந்தால் புதிது வாங்கப் பணம் சேருங்கள். எதுவாயினும், ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டார் யாவரும் கூடிப் பாருங்கள். உழவுக் கருவியையும் பம்புசெட்டையும் இக்கணக்காலேயே நிறுத்துப் பார்க்கலாம். தாளில் போடும் இந்த ஐந்து நிமிடக் கணக்கு, ஒரு போகத்தின் உரச் செலவை மீத்துத் தரவல்லது.